ஓடுகிற கம்பைலரை ஏன் உடைத்தோம்?



"ஓடுற சாமானை ஏன் சேர் உடைக்கிறீங்க?" போன கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது ஒரு தகப்பன் கேட்டார். மகன் பின்னேரங்களில் எங்களோடு லேப்பில் இருக்கிறான். ஏற்கெனவே வேலை செய்யும் ஒன்றைத் திரும்ப எழுதுவதாக வீட்டில் சொல்லியிருக்கிறான். கேள்வி நியாயமானது. நின்ற நிலையில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இந்த நீளப் பதிவு.

2020 ஊரடங்கு நேரம் நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் பொழுதுபோக்காக ஒரு கம்பைலர் எழுதத் தொடங்கினோம். 'எனில்', 'வரை', 'அச்சிடு' என்று தமிழில் எழுதும் சின்ன புரோகிராமை அது சி மொழிக்கு மாற்றும். மிச்சத்தை ஜிசிசி பார்த்துக்கொள்ளும். எழுதியது லிஸ்பில். ஜோன் மக்கார்த்தி 1958இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மொழி அது. 1962இல் டிம் ஹார்ட், மைக் லெவின் இருவரும் லிஸ்புக்கான கம்பைலரை லிஸ்பிலேயே எழுதினார்கள். அடுத்த வருடம் அதே ஹார்ட்தான் அந்த மொழிக்கு மெக்ரோவை முன்மொழிந்தார். எங்களுடைய தலையிடி முழுக்க அந்த மெக்ரோவில்தான்.

சாதாரண பங்ஷனுக்குப் போவது பெறுமதி. மெக்ரோவுக்கு நீங்கள் எழுதிய வரியே போகும். அதை வேறு வரிகளாக விரித்துத் தரும். மொழியில் இல்லாத கட்டளையை நாமே சேர்த்துக்கொள்ளலாம். ருசி கண்டால் விட மனம் வராது. ஒரே மாதிரி மூன்று வரி இரண்டு இடத்தில் வந்தால் உடனே ஒரு மெக்ரோ என்று எழுதி எழுதி, கைக்கு உதவும் சாமான்கள் என்று வைத்த பைலில் 43 சேர்ந்துவிட்டன. அதில் சில லிஸ்பிலேயே முன்பிருந்து இருப்பவை. தெரியாமல் திரும்ப எழுதியிருக்கிறோம், வெட்கம்தான்.

ஒரு நாள் மாணவன் எழுதிய புரோகிராமில் இடையிடையே ஒரு சொல் காணாமல் போனது. இரண்டு பின்னேரம் தேடினோம். கிளினிக்கில் நம்பர் துண்டு கொடுப்பார்கள் அல்லவா? "அடுத்த ஆள் இருக்கிறாரா?" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே அனுப்புவதற்கு இன்னொரு தடவை "அடுத்த ஆள்" என்று கூப்பிட்டால் என்ன நடக்கும்? முதலில் எழும்பியவர் வாசலிலேயே நிற்பார், அவருக்குப் பின்னால் உள்ளவர் உள்ளே போவார். எங்கள் மெக்ரோ செய்தது இதைத்தான். 'பெறுமதி இருந்தால் அதை எடுத்து இதைச் செய்' என்பது விரியும்போது, கொடுத்த வரி இரண்டு தடவை எழுதப்பட்டது. ஒன்று பார்க்க, ஒன்று பாவிக்க. அந்த வரி 'அடுத்த சொல்லைத் தா' என்றிருந்தால் ஒரு சொல் போய்விடும். ஒரு தடவை மட்டும் வாங்கி, வேறெங்கும் வராத ஒரு பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயரை உண்டாக்கித் தர லிஸ்பில் 'ஜென்சிம்' இருக்கிறது.

இது மட்டும் என்றால் அரை மணித்தியால வேலை, உடைக்கத் தேவையில்லை. உடைத்த காரணம் அந்த மாணவன் சொன்ன ஒரு வசனம்: "சேர், எனக்கு லிஸ்ப் விளங்குது, நீங்க எழுதினதுதான் விளங்கல்ல." 43 மெக்ரோவும் சேர்ந்து எங்கள் இருவருக்கும் மட்டும் புரியும் தனி மொழியாகிவிட்டிருந்தது. எங்களில் ஒருவருக்கு ஜனவரியில் இடமாற்றம். பாதி அவருடைய தலைக்குள் இருக்கிறது. அப்படியே விட்டால் அடுத்த வருடம் இதைத் தொட ஆளிருக்காது.

முழுதாகத் திரும்ப எழுதுவது பெரிய பிழை என்று ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000இல் நெட்ஸ்கேப்பை உதாரணம் காட்டி எழுதினார். சந்தையில் போட்டி போடும் கம்பனிக்கு அது சரி. எங்களுக்குச் சந்தையும் இல்லை, போட்டியும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொண்டோம்: பழைய கோடுக்குள் நாம் மறந்துபோன பல திருத்தங்கள் இருக்கும். அதனால் பிள்ளைகள் இதுவரை எழுதிய சின்னச் சின்ன புரோகிராம்களைச் சேர்த்து, பழைய கம்பைலரிலும் புதியதிலும் ஓட்டி விடைகளை ஒப்பிடுகிறோம். வித்தியாசம் வந்தால் அன்று வேறு வேலை இல்லை.

பங்ஷனால் முடிந்தால் மெக்ரோ எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இப்போது ஏழுதான் மிச்சம். கோடு நீண்டுவிட்டது உண்மை. எங்களில் ஒருவர் போன மெக்ரோக்களை நினைத்து இன்னும் கவலைப்படுகிறார் (இடமாற்றம் வந்தவர் இல்லை, மற்றவர்).

உயர்தரப் பரீட்சைக்கு இது வருமா என்றும் கேட்கிறார்கள். வராது. பாடத்திட்டத்தில் இருப்பது பைதன், லிஸ்ப் இல்லை. புள்ளி கூடும் என்று பொய் சொல்ல மாட்டோம். கம்பைலர் என்றால் என்ன என்று இரண்டு வரி வரைவிலக்கணம் பாடமாக்குகிறார்கள், அது பரீட்சைக்குப் போதும். இந்தப் பிள்ளைகள் அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். தொலைந்த சொல்லைத் தேடிப் பிடித்ததும் அந்தத் தகப்பனுடைய மகன்தான், நாங்கள் இல்லை.

'வரை'க்குள் இன்னொரு 'வரை' வரும் இடம் இன்னும் சரிவரவில்லை. இன்ஷா அல்லாஹ், டிசம்பர் லீவுக்குள் முடிக்க வேண்டும். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு லேப் திறந்திருக்கும். பார்க்க விரும்பும் பெற்றோரும் வரலாம்.