நடுவாடை

பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த செய்தியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் யாரேனும் ஒரு மாணவன் எழுந்து, "மயிலுக்குக் குளிருமா ஐயா?" என்று கேட்பது வழக்கம். கொடைமடம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, மயில் அதை அணியாது என்று தெரிந்தே கொடுத்ததுதான் புலவர்கள் அவனைப் பாராட்டக் காரணம் என்று விளக்கிவிட்டு அடுத்த வள்ளலுக்குப் போய்விடுவோம். பிறருக்கு ஆடை கொடுப்பதில் இந்த மடம் அழகாகத்தான் இருக்கிறது. தமக்கே ஆடை வாங்கிக்கொள்ளும்போதும் நம்மவர்கள் பேகனாகவே இருக்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

மார்கழி விடுமுறையில் ஏலகிரி ஏறப் போகும் மாணவர்கள் கைப்பேசியில் காட்டும் படங்களைப் பார்க்கிறேன். பனிமலைச் சரிவில் ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அவர் உடம்பில் ஆட்டு மயிர்போல் சுருண்ட, விரல்கடை தடிப்புள்ள ஃப்ளீஸ் சட்டை. "இதை வாங்கலாமா ஐயா?" என்கிறார்கள். தமிழாசிரியனிடம் கேட்கிற கேள்வியா என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. படத்திலுள்ள குளிருக்குத்தான் அவர்கள் ஆடை வாங்கப் போகிறார்கள். ஏறப்போகும் மலைக்கு அல்ல. தடிப்பு மிகுந்தால் கதகதப்பு மிகும், கதகதப்பு மிகுந்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கில் உடம்பு என்ற ஒன்று விடுபட்டுப் போகிறது.

நம் குளிர் எத்தகையது என்பதை முதலில் பார்க்கலாம். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று பழிக்கப்படும் வேலூர்ப் பக்கத்தில், கோடையில் 40 பாகையைத் தாண்டுவது செய்தியே அல்ல. மேல்விஷாரத்தில் மார்கழி விடியலில் 18 பாகை என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்ற பொதுக்கணக்குப்படி, 1100 மீட்டர் அளவிலுள்ள ஏலகிரியில் 12 பாகை இருக்கும். ஜவ்வாது மலையிலும் ஏறத்தாழ இதே நிலைதான். தொட்டபெட்டாவின் உறைபனி வேறு கதை. 12 பாகை யாரையும் கொல்லாது. ஆனால் சுவாமிமலை உச்சிக்கு மூச்சிரைக்க ஏறி, முதுகு முழுக்க வியர்த்து, மேலே பாறையில் உட்கார்ந்ததும் காற்று வீசுகிறதே, அப்போது பல் கிட்டுகிறது. மார்கழியில் பர்வதமலை ஏறியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ஏறும்போது சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியவர்கள், உச்சியில் மல்லிகார்ச்சுனர் சந்நிதிக்கு வெளியே நடுங்குகிறார்கள். நடுக்கத்துக்குக் காரணம் மலையின் குளிரைவிட அவர்களது ஈரம்.

நம் இலக்கியத்தின் குளிரும் பெரும்பாலும் ஈரக் குளிர்தான். நெடுநல்வாடையின் தொடக்கத்தில் நக்கீரர் காட்டும் கோவலர் மழையில் நனைந்தவர்கள், நனைந்ததால் நடுங்குபவர்கள், நெருப்பில் கை காய்ச்சிக்கொள்பவர்கள். உறைபனியை அஞ்சிய வடபுலத்தார் தோலும் மயிருமாகத் தடித்த ஆடைகளைக் கண்டார்கள். நமக்கு வேண்டியது ஈரத்தை உடம்பிலிருந்து அகற்றி, அதே நேரத்தில் சிறிது வெப்பத்தையும் பிடித்து வைக்கும் ஆடை.

மலையேறுவோர் மூன்று அடுக்காக உடுத்துவர். உடம்பை ஒட்டி வியர்வையை வாங்கி வெளியே தள்ளும் உள்ளாடை ஒன்று. வெப்பத்தைப் பிடிக்கும் இடை அடுக்கு ஒன்று. காற்றையும் மழையையும் தடுக்கும் புறவாடை ஒன்று. நடுவில் உள்ளதற்குத் தமிழில் நல்ல பெயர் இல்லை. இடையாடை என்றால் இடுப்புத் துணியாகிவிடும். நடுவாடை என்று சொல்லலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. நடு ஆடை என்றும் பிரிக்கலாம். நடு வாடை என்றும் பிரிக்கலாம். வாடைக் காற்றின் நடுவே அணிவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தக் கலைச்சொல் குழுவும் தந்துவிடாது என்ற சிறு செருக்கும் எனக்கு உண்டு.

பெயரை வைத்துக் கடைக்குப் போனால் அங்கே வேறொரு சிக்கல். ஃப்ளீஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் செம்மறியின் உடம்பிலிருந்து கத்தரித்தெடுத்த மயிர்த்தொகுதி. திருப்பூரில் அதே சொல், உட்புறம் தூரிகையால் கீறிப் பஞ்சுபோலாக்கிய பருத்திப் பின்னலைக் குறிக்கும். தலைமூடியும் முன்பையும் வைத்துக் கல்லூரி வாசல்களில் விற்கும் சட்டைகள் பெரும்பாலும் இவ்வகையே. மலையேறுவோர் சொல்லும் ஃப்ளீஸோ முழுக்கப் பாலியஸ்டர். இம்மூன்றும் ஒன்றல்ல. பருத்தி தன் எடையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வியர்வையில் நனைந்துவிட்டால் எளிதில் உலராது. பாலியஸ்டர் இழை அரைப் பங்கைக்கூட உறிஞ்சாது. ஆகவே கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்து, பருத்தி என்றிருந்தால் மலைக்கு வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்க அது மிக நல்ல ஆடை.

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முரணும் உண்டு. மேல்விஷாரத்து டேனரிகளுக்கு வந்து சேரும் ஆட்டுத்தோலுக்கு நடக்கும் தொடக்க வேலைகளுள் ஒன்று, சுண்ணாம்பிலிட்டு மயிரை நீக்குவது. மயிரை நீக்கித் தோலை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த மயிரைப் போலவே தோன்றும்படி நெகிழியில் செய்த துணியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். (நம் மேச்சேரி ஆட்டின் தோலுக்கு உலகச் சந்தையில் மதிப்பு உண்டே தவிர அதன் மயிர் நூற்பதற்கு உதவாது என்று தோல்காரர்கள் உடனே திருத்துவார்கள். உண்மைதான். இருந்தாலும் முரண் முரணே.)

அந்த நெகிழித் துணி பிறந்ததும் ஓர் ஆலை ஊரில்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்ற நெசவாலை 1979ஆம் ஆண்டையொட்டி இதை உருவாக்கியது. படகோனியா நிறுவனம் ஆடையாக்கிப் பரப்பியது. 1995 டிசம்பர் 11 அன்று ஆலை எரிந்தது. உரிமையாளர் ஆரன் ஃபியூயர்ஸ்டீன் காப்பீட்டுப் பணத்தோடு ஒதுங்கிக்கொள்ளாமல், அதே ஊரில் ஆலையை மீண்டும் எழுப்பினார். வேலையிழந்தவர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியமும் கொடுத்தார். 2001இல் நிறுவனம் நொடித்தது. அவர் செய்தது வணிக மடம் என்று எழுதியவர்களும் உண்டு. ஒரே தொழிலை நம்பி வாழும் ஊரில் இருந்துகொண்டு இக்கதையைப் படிப்பவனுக்கு அப்படிச் சொல்ல நா எழாது.

சரி, எதை வாங்குவது? சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை ஜி.எஸ்.எம். என்று திருப்பூர்க்காரர்கள் சொல்வார்கள். ஃப்ளீஸில் 100, 200, 300 என்று மூன்று தரங்களைப் பொதுவாகப் பார்க்கலாம். ஏலகிரி, ஜவ்வாது, பர்வதமலைக்கு 100 போதும் என்பது என் உறுதியான கருத்து. மார்கழியில் உதகை, கொடைக்கானல் போகிறவர்கள் 200 வாங்கலாம். கழுத்திலிருந்து நெஞ்சுவரை ஜிப் உள்ளது நல்லது; ஏறும்போது திறந்துவிட்டால் உள்ளே புழுங்காது. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். துணியை வாயில் பொருத்தி ஊதிப் பாருங்கள். மூச்சு எளிதாக மறுபுறம் போனால் ஏறும்போது வியர்வையின் ஆவியும் போகும். போகாவிட்டால் அது காற்றுத்தடுப்பு ஒட்டிய வகை. நடப்பவர்க்கு அது நீராவிக் குளியல். கட்டைவிரலால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். அப்போதே உருண்டை திரண்டால் ஒரு பருவம்கூடத் தாங்காது. சென்னையிலோ பெங்களூருவிலோ டெகாத்லான் கடையில் இத்தகைய எளிய சட்டை ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. நெருப்பருகே மட்டும் கொண்டுபோகக் கூடாது. கூடாரத் தீயின் ஒரு பொறி போதும், துணி உருகித் துளையாகும். பெருநெருப்பானால் உருகித் தோலிலும் ஒட்டும்.

மூச்சு புகும் துணியில் காற்றும் புகும். இதை மறந்துவிட்டுப் பனிக்காலத்தில் ஃப்ளீஸ் மட்டும் அணிந்து இருசக்கர வண்டியில் ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் போகிறவர்கள், சட்டை ஏமாற்றிவிட்டதாகக் குறைபடுகிறார்கள். சட்டை ஏமாற்றவில்லை. அது பிடித்து வைத்திருந்த சூடான காற்றை எதிர்க்காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மேலே ஒரு மழைச்சட்டை போதும். தோல் மேற்சட்டை இருந்தால் இன்னும் நல்லது. காற்றைத் தடுக்கத் தோலுக்கு நிகர் குறைவு.

இதுவரை சொன்னது நடப்பவர்க்கு. நிற்பவர்க்குக் கணக்கு வேறு. விடியலுக்கு முன்பே ஷூ கம்பெனி வண்டிக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு. ஐரோப்பியக் குளிருக்கான காலணிகளைத் தைக்கும் கைகள் அவை. அவர்கள் வியர்க்கப் போவதில்லை. அசையாமல் அரைமணி நேரம் நிற்கிறார்கள். இரவுக் காவலாளியும் அப்படியே. 300 தரத்துத் தடித்த ஃப்ளீஸ் உண்மையில் இவர்களுக்குரியது. கடைகளோ அதை மலையேறும் இளைஞர் படம் போட்டு விற்கின்றன. பெண்களுக்கென்று வெட்டியவை இடுப்பில் குறுகி, சேலைக்கு மேலோ புர்காவுக்கு உள்ளேயோ அணிய இசையாமல் இருக்கின்றன. முன்புறம் முழு ஜிப் வைத்த, ஓரளவு தளர்ந்த ஆண்கள் அளவே அவர்களுக்கு ஏற்றது. நாள்தோறும் அணிவதற்கான ஆடை என்று பேசுகிறவர்கள் இவர்களை நினைத்துப் பேசியதாகத் தெரியவில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் வட்டாரம் இது. எல்லையில் பணியாற்றுவோர் விடுப்பில் கொண்டுவரும் கனத்த சட்டைகள் எத்தனையோ வீடுகளின் பரணில் கிடக்கும். அவை தெருவுக்கு வந்தால் ஃப்ளீஸே வேண்டியதில்லை.

இயற்கை ஆர்வலரான நண்பர்கள் கேட்பார்கள்: நெகிழி எதற்கு, கம்பளி இருக்கையில்? நியாயமான கேள்வி. கம்பளி ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டும் கதகதப்பைக் கைவிடாது. வியர்வை நாற்றமும் குறைவு. வட ஆர்க்காட்டிலும் தருமபுரிப் பக்கத்திலும் குறும்பர் நெய்த கருங்கம்பளி மழைக்கும் பனிக்கும் தாங்கியது. ஆனால் அது போர்வை. போர்த்திக்கொண்டு ஆடு மேய்க்கலாம், கையூன்றிப் பாறை ஏற இயலாது. மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டையின் விலை ஒரு மாணவனின் மலைப்பயணச் செலவைவிடக் கூடுதல். ஸ்வெட்டர் என்றாலே கம்பளி என்று எண்ணிவிடவும் கூடாது. லூதியானாவில் அக்ரிலிக் நூலில் பின்னப்பட்டு வருபவை ஏராளம். அதுவும் நெகிழியே.

ஆயினும் நண்பர்களின் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. பாலாற்றங்கரையில் வாழ்பவன் எந்தப் பொருளையும் அதன் கழிவுநீரோடு சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. டேனரிக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்தையே திருப்பிய அத்தீர்ப்புக்கு நம் மண்ணும் நீரும் கொடுத்த விலை பெரிது. டேனரிகளின் கழிவுநீருக்காவது பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்று ஒன்று மேல்விஷாரத்தில் இருக்கிறது. நம் வீட்டுத் துணி துவைத்த நீருக்கு? பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 6 கிலோ பாலியஸ்டர் துணியை ஒரு முறை எந்திரத்தில் துவைத்தால் ஏறத்தாழ 5 லட்சம் இழைத்துணுக்குகள் நீரில் கலக்கக்கூடும் என்று கணக்கிட்டார்கள். அக்ரிலிக்கில் 7 லட்சத்துக்கும் மேல். கண்ணுக்குத் தெரியாத இத்துணுக்குகள் சாக்கடை வழியே ஆற்றுக்கும், ஆற்று மணல் வழியே கிணற்றுக்கும் போகும் பாதையை நமக்கு யாரும் வரைந்து காட்டத் தேவையில்லை. பழைய பாட்டில்களை உருக்கிச் செய்த ஃப்ளீஸ் என்று 1993 முதல் விற்கிறார்கள். பாட்டிலாகக் கிடந்தால் ஆற்றிலிருந்து பொறுக்கியாவது எடுத்துவிடலாம். இழைத்துணுக்கை யார் பொறுக்குவது?

எனவேதான் மெல்லியது, ஒன்றே ஒன்று, நெடுநாளைக்கு என்கிறேன். முதற் சில துவைப்புகளில்தான் இழை மிகுதியாக உதிர்கிறது. ஆண்டுதோறும் புதிது வாங்குபவர் ஆண்டுதோறும் அந்த முதல் உதிர்வை ஆற்றுக்கு அனுப்புகிறார். நடுவாடை உடம்பை ஒட்டி இருப்பதில்லை. உள்ளே ஒரு சட்டை வியர்வையை வாங்கிக்கொள்வதால் அதை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து வந்ததும் புறம் திருப்பி நிழலில் காற்றாட விட்டால் பெரும்பாலும் போதும். துவைத்தே ஆகவேண்டுமானால் எந்திரத்தில் போடாமல், கல்லில் அடிக்காமல், வாளியில் தண்ணீரும் சிறிது சோப்புமாக ஊறவைத்துக் கையால் அலசுங்கள். அலசிய நீரைச் சாக்கடையில் கொட்டும் முன் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து அதில் வடிகட்டுங்கள். எல்லாத் துணுக்கும் சிக்காது. சிக்கியது சாம்பல் நிறப் பிசிறாகத் துணியில் படியும். உலர்ந்தபின் வழித்தெடுத்துக் குப்பையில் சேர்க்கலாம்.