மனப்பாடம் அவ்வளவு மட்டமா?

பக்கத்து வீட்டுக்காரரின் பேரன் விமானி ஆகப் போகிறான். உரிமம் வாங்கிவிட்டான். இப்போது ஏர்பஸ் 320 ஓட்டுவதற்கென்று பெங்களூரில் தனிப் பயிற்சி நடக்கிறது. நாலு நாள் லீவில் புதுச்சேரி வந்தவன், ஒரு சாயங்காலம் கையில் இரண்டு தாளோடு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, நான் சொல்றேன், நீங்க இதைப் பாத்துக்கிட்டே கேளுங்க. ஒரு வார்த்தை மாறினாலும் நிறுத்திடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் அப்பாவிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எதிரே கைகட்டி நிற்பேன். பிரெஞ்சுப் பள்ளியில் வாரா வாரம் 'ரெசிதாசியோன்' உண்டு. மேடையில் ஏறி, ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். பிசகினால் முசியே ஒன்றும் சொல்ல மாட்டார், மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். அது போதும். மனப்பாடத்துக்குப் பிரெஞ்சில் 'பார் கேர்' என்பார்கள். நெஞ்சால் கற்பது என்று பொருள்.

பேரன் கொடுத்த தாளில் என்ன இருந்தது என்கிறீர்களா? ஆபத்து வந்தால் புத்தகத்தைத் திறக்காமல், யோசிக்காமல் செய்ய வேண்டிய காரியங்கள். தரையில் இறங்கி ஓடும்போது பிரேக் பிடிக்கவில்லை என்று வையுங்கள். எஞ்சின்களின் எதிர்விசையை முழுக்கக் கொடு. பிரேக் மிதியிலிருந்து காலை எடு. சக்கரம் வழுக்காமல் காக்கும் ஆன்டி-ஸ்கிட் சுவிட்சை அணை. மறுபடி மிதி. அழுத்தம் ஆயிரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள். அவ்வளவுதான்.

"பிரேக் பிடிக்கலேன்னா எவனாவது காலை எடுப்பானாடா? இன்னும் ஓங்கி இல்ல மிதிப்பான்!" என்றேன்.

"அதுக்குத்தான் தாத்தா மனப்பாடம். மிதிச்சுக்கிட்டே சுவிட்சை அணைச்சா சக்கரம் பூட்டிக்கும், டயர் வெடிக்கும். பயத்துல கால் தானா மிதிக்கும். அது மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கொடுக்கணும்ல."

இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அறிவு சொல்வதற்கும் பயம் சொல்வதற்கும் நடுவே மனப்பாடத்தைக் கொண்டுபோய் நிறுத்தி வைக்கிறார்கள். அவன் அறைச் சுவரில் விமானி அறையின் படத்தை ஆள் உயரத்துக்கு ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு, சொல்லிக்கொண்டே கையை நீட்டி நீட்டி அந்தந்த சுவிட்சைத் தொடுகிறானாம். அவன் பாட்டி, பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என் மனைவியிடம் வந்து கவலைப்பட்டாள்.

நான் கவனித்த இன்னொரு விஷயம், அந்தப் பட்டியல் எவ்வளவு சிறியது என்பது. விமானத்தில் நூற்றுக்கணக்கான கோளாறுகள் வரலாம். அவற்றுக்கெல்லாம் கையேடு இருக்கிறது, எதிரே திரையிலும் வரிவரியாக வரும். அதை வாசித்து வாசித்துத்தான் செய்ய வேண்டும். அதை மனப்பாடமாகச் செய்தால் பரீட்சகர் ஃபெயில் போட்டுவிடுவாராம்! வாசிக்க நேரமில்லாதவற்றை மட்டும்தான் நெஞ்சில் வைக்க வேண்டும். 35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் போய்விட்டால் தெளிவாக யோசிக்க அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் கையேட்டில் பக்கம் தேடுகிறவன் பக்கத்தைக் கண்டுபிடிக்கும்போது மயங்கியிருப்பான். அதனால் முதல் வரி, ஆக்ஸிஜன் முகமூடி. மற்றதெல்லாம் அப்புறம்.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டியவனுக்கு இது புரியாமல் இருக்குமா? எங்கள் கண்காணிப்பாளர் எப்.ஆர்., எஸ்.ஆர். முழுவதையும் தலைகீழாகச் சொல்வார். ஆனால் குறிப்பு எழுதும்போது புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக்கொண்டுதான் எழுதுவார். நான் ஒருமுறை கெட்டிக்காரத்தனமாக ஒரு விதியை ஞாபகத்திலிருந்து எழுதி, ஓய்வு பெற்ற ஒருவரின் பென்ஷன் நாலு மாதம் தள்ளிப்போனது. அவர் மாடி ஏறி வந்து என்னைத் திட்டவில்லை, "சார், பென்ஷன் எப்போ வரும்?" என்று மட்டும் கேட்டார். அது இன்னும் காதில் இருக்கிறது.

விமானத்திலும் பட்டியல் வந்த கதை இதுதான். 1935 அக்டோபரில் அமெரிக்காவின் ஒஹையோவில், போயிங் 299 என்ற புது விமானம் மேலே ஏறியதும் விழுந்தது. விமானி கற்றுக்குட்டியல்ல, பழுத்த அனுபவசாலி. வால் பகுதியைப் பூட்டி வைத்திருந்த கொக்கியை விடுவிக்க மறந்துபோனார். அதற்குப் பிறகுதான், எவ்வளவு பெரிய ஆளானாலும் தாளைப் பார்த்துச் செய் என்ற வழக்கம் வேரூன்றியது.

ஆனால் தாள் மட்டும் போதுமா என்றால், போதாது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் நின்றபோது விமானம் இருந்தது மூவாயிரம் அடிக்கும் கீழே. துணை விமானி எடுத்த பட்டியல் மூன்று பக்கம், அதுவும் மிக உயரத்தில் பறக்கும்போது எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று எழுதியது. முடிக்க நேரமே இல்லை. கேப்டன் சல்லன்பெர்கர், பட்டியலில் வெகு கீழே இருந்த துணை மின் எந்திரத்தை எடுத்த எடுப்பில் போட்டுவிட்டார். ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரும் பிழைத்தார்கள்.

அதே வருஷம் ஜூன் 1. ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447. இதைப் பற்றிப் பிரெஞ்சு விசாரணை அமைப்பான பி.இ.ஏ. 2012இல் வெளியிட்ட அறிக்கையைப் பிரெஞ்சிலேயே படித்தேன். படித்த மொழி இதற்காவது உதவுகிறதே! நள்ளிரவுக்குப் பிறகு, அட்லாண்டிக்குக்கு மேலே, 35,000 அடியில், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்துக்கொண்டன. தானியங்கி விலகியது. வேகம் சரியாகத் தெரியாமல் போனது ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான். அதற்கென்று ஒரு நடைமுறை அவர்கள் கையேட்டிலேயே இருந்தது. பிரெஞ்சில் அதன் பெயரே 'சந்தேகத்துக்குரிய வேகத்துடன் பறத்தல்' என்பதுதான். மூக்கை இன்ன கோணத்தில் வை, எஞ்சினை இவ்வளவில் வை, பொறு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. ஒருவர் மூக்கைத் தூக்கினார். விமானம் சுமார் 38,000 அடி வரை ஏறி, தாங்கும் காற்றை இழந்து கீழே சரிந்தது. எச்சரிக்கைக் குரல் ஒரு கட்டத்தில் 54 விநாடி விடாமல் அலறியது. தானியங்கி விலகியதிலிருந்து கடலில் விழும் வரை நாலரை நிமிடம்கூட இல்லை. 228 பேர்.

அவர்கள் படிக்காதவர்களா? இல்லை. அந்த உயரத்தில் கையால் ஓட்டவும், அங்கே வேகம் தெரியாமல் போனால் சமாளிக்கவும் பயிற்சி தரப்படவில்லை என்கிறது அறிக்கை. சொற்கள் தெரியும். எந்த இடத்தில் அந்தச் சொற்கள் வேண்டும் என்பது அந்த இருட்டில் தெரியவில்லை.

படித்து முடித்தபோது எனக்கு லா ஃபோன்தேனின் காகமும் நரியும்தான் நினைவுக்கு வந்தது. பாராட்டு வாங்கினேன் அந்தப் பாட்டுக்கு. காகத்தின் வாயில் 'ஃப்ரொமாஜ்' என்று சொல்லும்போது என் குரலில் அப்படி ஓர் ஏற்ற இறக்கம்! ஆனால் நான் அதுவரை பாலாடைக்கட்டியைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் வீட்டுக் காகம் வடையைத்தான் தூக்கும்.

ஆகவே என் கட்சி இதுதான். மனப்பாடம் மட்டம் என்று என் மகன் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். "எல்லாம் போன்ல இருக்குப்பா" என்பான். போனில் இருப்பது போனில் இருக்கட்டும். நெஞ்சில் கொஞ்சம் இருக்க வேண்டும், ஆனால் எது என்று பார்த்துப் பொறுக்கி எடுக்க வேண்டும். எடுத்ததை நடந்து பார்த்துப் படிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் பாட்டு மொத்தமும் ஏற்றினார்கள். இன்று ஒன்றுமே ஏற்ற வேண்டாம் என்கிறார்கள். இரண்டும் சரியில்லை.

இதை ஏதோ திண்ணைப் பேச்சாகச் சொல்லவில்லை. போன வருஷம் ஒரு ராத்திரி என் மனைவிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த தாள் இருப்பது தெரியும். அதை எங்கே வைத்தேன் என்று அலமாரியைக் கலைத்துக்கொண்டு நின்றேன். மாடியில் குடியிருக்கும் பெண் சத்தம் கேட்டு வந்து, சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள். எனக்குத் தெரியாததா அது? தெரியும். கை போகவில்லை.

இப்போது தாளில் உள்ளதில் மூன்று வரியை நெஞ்சில் வைத்திருக்கிறேன். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாதே. 108. மற்றதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

விமானிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் பரீட்சை உண்டு என்று அந்தப் பையன் சொன்னதை என் மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு என்னை உலுக்கி, "ஏங்க, படபடன்னு வருது" என்றாள். விழுந்தடித்து ஓடி டம்ளரோடு வந்தேன். கட்டிலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்றரை நிமிஷம்" என்றாள். "அதுவும் உப்பு டப்பாவைத் திறந்திருக்கீங்க."