‘ஜப்பான் இப்ப மலிவு’ எண்டு சொல்லுற ஆக்களுக்கு

மெல்பேர்ணில இருக்கிற பெரியம்மாவின் மகன் அண்ணா போன மாதம் ஒரு எக்ஸெல் கோப்பு அனுப்பியிருந்தார். "தங்கச்சி, நீதானே எல்லாத்திலயும் பிழை பிடிக்கிறனி, இதையும் ஒருக்காப் பார்" எண்டு ஒரு குரல்பதிவும் கூடவே வந்தது. வாற பெப்ரவரியில் எட்டு நாள், ஐந்து பேர், ஹொக்கைடோவில் நிசெகோ. விமான ரிக்கெற், அறை, லிஃப்ட் பாஸ், பனிச்சறுக்குச் சாமான் வாடகை, ஸ்னோபோர்ட் வாடகை எல்லாம் நிரை நிரையாக அடுக்கியிருந்தார். எட்டு நாள் பயணத்துக்கு இவ்வளவு கவனமாகத் திட்டம் போடுகிற ஆள் எங்கட குடும்பத்தில் வேறு இல்லை. ஆனால் முதல் நிரையிலேயே, ஏன் ஜப்பான் என்ற கேள்விக்கு நேரே, மூன்று சொல்: "ஜப்பான் இப்ப மலிவு."

எனக்கு அந்த மூன்று சொல்லோடதான் சண்டை.

2021 தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 105 யென். 2024 ஜூலையில் அது 160ஐயும் தாண்டியது. டொலரில் சம்பளம் எடுக்கிற ஆளுக்கு ஜப்பான் முழுக்கக் கழிவு விலையில் கிடைத்த மாதிரி. யென்னில் சம்பளம் எடுக்கிற ஆளுக்கு? இறக்குமதியாகிற எண்ணெய், கோதுமை, எரிவாயு எல்லாம் விலை ஏறின. அந்தச் சனத்துக்கு எதுவும் மலிவாகவில்லை. 2022இல் எங்கட ரூபாய் சில வாரங்களுக்குள்ளேயே டொலருக்கு 200இல் இருந்து 360க்குப் போனதே, ஞாபகம் இருக்கா? நாங்கள் மண்ணெண்ணெய்க்கும் காஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நிண்ட அந்த நாட்களில், "இலங்கை இப்ப நல்ல மலிவு, வாங்கோ" எண்டு கடற்கரையில் நிண்டு காணொளி போட்டவர்களைப் பார்த்து எங்களுக்கு எப்பிடி இருந்தது? அண்ணாவும் அப்ப மெல்பேர்ணில இருந்து திட்டினவர்தான். அதே வசனத்தை இப்ப அவரே எழுதுகிறார்.

சரி, நிசெகோவுக்கு வருவம். சைபீரியாவில் இருந்து வருகிற குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளி, முதலில் எதிர்ப்படுகிற மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. ஒரு குளிர்காலத்தில் 15 மீற்றர் அளவு. ஈரம் குறைந்த, மா மாதிரி உதிர்கிற பனி. அவுஸ்திரேலியர்களுக்குக் கோடை விடுமுறை வருகிற நேரம் அங்கே நடுக்குளிர்காலம், நேர வித்தியாசமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. 2000களின் தொடக்கத்தில் இருந்து அவர்கள் வரத் தொடங்கினார்கள், பிறகு ஹொங்கொங், சிங்கப்பூர் முதலீடும் வந்தது. அண்ணாவின் கோப்பில் "நிசெகோ" எண்டு ஒரே பெயர்தான். அவர் அறை எடுத்திருக்கிற ஹிராஃபு உண்மையில் குச்சான் என்ற ஊருக்குள் இருக்கிறது. உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஊர். சனத்தொகை இருபதாயிரம்கூட இல்லை. நாட்டிலேயே ஆக வேகமாக நிலவிலை ஏறுகிற இடம் எண்டு அதன் பெயர் பல வருடம் செய்தியில் வந்தது. சாதாரணமாக 1,000 யென்னுக்கு அங்கால இங்கால விற்கிற ஒரு கோப்பை ராமென், பருவகாலத்தில் ஹிராஃபுவில் 2,000 யென்னையும் தாண்டுகிறது. ஹோட்டல் துப்புரவு வேலைக்குப் பருவகாலத்தில் நல்ல சம்பளம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கு அந்தச் சம்பளத்தோடு போட்டி போட ஏலாது, ஆள் கிடைக்குதில்லை. வயதானவர்கள் கூடின நாட்டில் இது சின்ன விசயம் இல்லை.

ஆக, அந்த "மலிவு" எங்க இருக்கு? ராமென் கடையில் இல்லை. இருந்தாலும் அதைத் தாங்கக்கூடிய ஆள் அண்ணா. அந்த ஊர்ச் சனத்தின் நிலை வேறு.

(இன்னொண்டு. அண்ணா சறுக்கப் போகிற மலையின் பெயர் நிசெகோ அன்னுபுரி. "நுபுரி" ஐனு மொழியில் மலை. 1869இல் ஜப்பானிய அரசு அந்தத் தீவுக்கு ஹொக்கைடோ எண்டு பெயர் வைத்துக் குடியேற்றம் செய்யத் தொடங்க முன்னம் அது ஐனு மக்களின் நிலம். அவர்களைச் சட்டத்தில் பூர்வகுடிகள் எண்டு எழுத 2019 வரை எடுத்தது. குடியேற்றத் திட்டம் எண்டால் என்ன என்று எங்கட ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.)

எதிர்வாதம் எனக்கும் தெரியும். வெளிநாட்டுக்காரர் வராவிட்டால் இந்த லிஃப்ட்டுகள் பல எப்பவோ நிண்டிருக்கும். 1980களின் கடைசியில் ஜப்பான் இளைஞர்கள் பனிச்சறுக்குப் பைத்தியமாக இருந்தார்கள். 90களில் பொருளாதாரக் குமிழி உடைந்த பிறகு அந்தக் கூட்டம் கரைந்து, சின்னச் சின்ன மைதானங்கள் மூடப்பட்டன. ரோக்கியோவில் இருந்து ஷின்கான்சென் ரயிலில் ஒண்டேகால் மணித்தியாலத்தில் போகக்கூடிய யுசாவாவில், அந்தக் காலத்தில் கட்டின அடுக்குமாடி வீடுகள் சில இப்ப ஒரு லட்சம் யென்னுக்கு விலைபோகின்றன. மெய்யாத்தான், ஒரு வீடு, நல்ல கைத்தொலைபேசியின் விலைக்கு. வாங்கினால் மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்டவேணும் என்றபடியால் அதுக்கும் ஆள் இல்லை. ஆகவே போகாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. போற ஆள் என்ன எழுதிக்கொண்டு போறார் என்பதுதான் என்ர கேள்வி.

கோப்பில் அடுத்த பிழை. ஐந்து பேரில் நாலு பேர் பனியில் காலே வைக்காதவர்கள். அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் ஒருக்காலும் சறுக்கினதில்லை. அண்ணியின் தம்பி யூரியூப் பார்த்திருக்கிறார். இவர்களுக்கு எதுக்கு உலகத்தின் ஆகச் சிறந்த உதிர்பனி? இடுப்பளவு பனியில் விழுந்த புதியவருக்கு எழும்பவே கால்மணித்தியாலம் வேணும். கொட்டுகிற நாளில் முன்னால் போகிறவரே தெரியாது. பழகுகிற ஆளுக்கு வேண்டியது இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்தின மெல்லிய சரிவும், ஒரு பயிற்சியாளரும். கோப்பில் "பவுடர்" என்ற சொல் ஒன்பது இடத்தில் இருக்கு, "பயிற்சி" ஒரு இடத்திலும் இல்லை.

அந்தத் தம்பி "எல்லைக் கயிற்றுக்கு அங்கால" போகவேணும் எண்டு தனி நிரையே போட்டிருக்கிறார். நிசெகோவில் இதுக்கு ஊர் விதிகள் இருக்கு. கயிற்றுக்குக் கீழால் நுழையக் கூடாது. குறிச்ச வாயில்களால் மட்டும் வெளியே போகலாம். பனிச்சரிவு ஆபத்து இருந்தால் வாயில் மூடப்படும், மூடினால் மூடினதுதான். இதைக் கெடுபிடி எண்டு நினைக்கிற ஆக்கள், 2023 ஜனவரியில் நாகனோ மாகாணத்தின் ஹகுபா நோரிகுரா மலையில் பனிச்சரிவில் இறந்த அமெரிக்கர் கைல் ஸ்மேனை நினைக்க வேணும். 2015இன் உலக சம்பியன் அவர். யூரியூப் பார்த்துப் பழகினவர் இல்லை. இப்பிடி ஒருத்தர் சிக்கினால் தேடப் போறது அந்தந்த ஊர் ஆக்கள். நொசாவா ஒன்சென் கிராமம் இதுக்கெண்டே ஒரு சட்டம் வைத்திருக்கிறது: எல்லைக்கு வெளியே போய்ச் சிக்கினால் தேடுதல் செலவு சிக்கினவரின் தலையில். அண்ணாவின் பயணக் காப்புறுதி இதைத் தாங்குமா எண்டு பார்க்கச் சொல்லி ஒரு நிரை சேர்த்தேன்.

நொசாவாவைச் சும்மா இழுக்கேல்லை. நாகனோ மாகாணத்தில், ஈயாமா நிலையத்தில் இறங்கிப் பஸ்ஸில் அரை மணித்தியாலத்துக்குள் போகலாம். அங்கே ஊருக்குள் 13 பொது வெந்நீர்க் குளிப்பிடங்கள் இருக்கின்றன. கழுவுறது, செலவைப் பார்க்கிறது எல்லாம் அந்தந்த அயலில் இருக்கிற சனம், முறைவைத்து. வெளியாளுக்கும் காசு இல்லை, வாசலில் உண்டியல் மட்டும். முதலில் உடம்பைக் கழுவிவிட்டு இறங்க வேணும். தண்ணி கொதிக்குது எண்டு பச்சைத்தண்ணிக் குழாயைத் திறக்க முன்னம், உள்ளே இருக்கிற கிழவியிடம் கேட்க வேணும். ஓகாமா என்ற 90 பாகை ஊற்றில் ஊர்ச்சனம் கீரை அவிக்கிறது, முட்டை அவிக்கிறது. நாங்கள் வேலிக்கு வெளியே நிண்டு பார்க்கலாம், அவ்வளவுதான். ஜனவரி 15 இரவு நெருப்புத் திருவிழா. மரத்தால் கட்டின பெரிய மாடத்தின் உச்சியில் ஊரின் 42 வயது ஆண்கள் இருப்பார்கள், கீழே 25 வயதுக்காரர் காவல் நிற்பார்கள், மற்றவர்கள் தீப்பந்தத்தோடு தாக்குவார்கள். சுற்றுலாப் பயணிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. எனக்கு அந்த ஊரில் பிடிச்சது அதுதான்.

இதை எழுதும்போதே தெரியுது, நானும் இப்ப ஒரு இடத்தைக் காட்டிக்கொடுக்கிறன். அங்கேயும் பழைய விடுதிகள் வெளியாட்கள் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பத்துப் பேர் வாசித்து நாலு பேர் போனால் நாளைக்கு அதுவும் "மலிவு" எண்டு ஒரு கோப்பில் ஏறும்.

பிழைகளைச் சிவப்பில் குறிச்சு அனுப்பினேன். இரவு அண்ணா எடுத்தார். "பனியை ஃப்ரிட்ஜில மட்டும் பார்த்த நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?" எண்டு சிரித்தார். அது நியாயமான அடிதான், நான் பதில் சொல்லேல்லை. அறைக்குக் கட்டின முற்பணம் திரும்பி வராது, அதால நிசெகோதான். ஆனால் முதல் மூன்று நாளும் எல்லாருக்கும் பயிற்சி வகுப்பு, எல்லைக்கு அங்கால போகிற நிரை அழிஞ்சிட்டுது, குச்சான் அறைவாடகையில் எடுக்கிற தங்குமிட வரி தனி நிரையில் ஏறியிருக்கு. முதல் நிரையைப் பார்த்தேன். "மலிவு" அப்பிடியே இருக்கு. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "எங்களுக்கு" எண்டு ஒரு சொல் சேர்த்திருக்கிறார்.