வாசலில் நிற்கும் குழந்தையிடம் சபைக் கடிதம் கேட்காதீர்!



இடவப்பாதி மழையோடு ஜூன் மாதம் வந்தால் கேரளத்தில் பள்ளிக்கூடம் திறக்கும். வசதியுள்ளவர்களுக்கு அது பிள்ளைக்குப் புதுக் குடை வாங்கும் காலம். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் பிழைக்கும் நமக்கோ, வாசல் வாசலாக ஏறி இறங்கும் காலம்.

இதை எழுதுகிறவன் ஒரு ரயில்வே குமாஸ்தா. சென்ற ஆண்டு ஜூனில் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தார். டிக்கெட் கேட்கவில்லை. கையிலிருந்த சீட்டை நீட்டி, "அண்ணே, மலையாளத்துல எழுதியிருக்கு, என்னன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். திருச்சபை நடத்தும் ஒரு தொடக்கப் பள்ளியில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போயிருக்கிறார். கொண்டுவர வேண்டியவை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்: பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, போதகரின் கடிதம், கட்டட நிதி. பிள்ளைக்குத் தமிழ்தான் தெரியும் என்றதும், "இடம் இருக்கிறதா என்று பிறகு பார்க்கலாம்" என்றார்களாம். மூன்று நாள் கூலியை இழந்து மூன்று முறை போனார். அந்தப் "பிறகு" வரவேயில்லை. அந்த வருடம் முழுவதும் அந்தப் பிள்ளை சூளை ஓரத்தில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

எங்கள் ஜன்னலில் காசை நீட்டுகிறவரிடம் நீ எந்தச் சபை, எந்த மொழி என்று கேட்பதில்லை. ரயிலுக்கு உள்ள நியாயம் பள்ளிக்கூடத்துக்கு இல்லையா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பக் கூடாது, டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்க வேண்டும், தேர்வு வைக்கக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. அரசுப் பள்ளியில் இந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை 2025 செப்டம்பரில் அதே கோர்ட்டின் இரு நீதிபதிகள் எழுப்பினர். ஆனால் கேள்வி எழுந்ததாலேயே தீர்ப்பு மாறிவிடவில்லை. ஆகவே சபைப் பள்ளியில் போய் இந்தச் சட்டத்தைச் சொன்னால் எடுபடாது.

அப்படியானால் நம் கை வெறுங்கையா? இல்லை, தோழர்களே! அரசியல் சட்டத்தின் 29ஆவது பிரிவு, 2ஆவது உட்பிரிவை மனப்பாடம் செய்யுங்கள். அரசு உதவி பெறும் எந்தக் கல்வி நிலையமும் மதம், இனம், சாதி, மொழி என்பதை மட்டும் காரணமாக்கி ஒரு குடிமகனுக்கு இடம் மறுக்கக் கூடாது. எய்டட் பள்ளி என்றால் என்ன? மேனேஜர் சபைக்காரர், ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. 1959 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்த கேரளக் கல்விச் சட்டம் செய்த ஏற்பாடு அது. அந்தச் சம்பளத்தில் நாம் தீப்பெட்டி வாங்கும்போது கொடுக்கும் வரியும் இருக்கிறது. தன் சமூகப் பிள்ளைகளுக்கு நியாயமான முன்னுரிமை தர நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெஞ்சு காலியாகக் கிடக்கும்போது, சபைக் கடிதம் இல்லை, மலையாளம் தெரியாது என்று மட்டும் சொல்லித் திருப்புவது உரிமை அல்ல, அநீதி! அரசு உதவி வாங்காத ஆங்கிலப் பள்ளிகளின் கதை வேறு. அங்கே இந்தப் பிரிவு செல்லாது. போகுமுன் பள்ளி எய்டட் தானா என்று விசாரியுங்கள். ஆதார் இல்லாததால் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 26 அன்று சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் நினைவில் வையுங்கள்.

சபைப் பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த நாள் தொட்டு, லண்டன் மிஷன் தென் திருவிதாங்கூரில் பள்ளிகளைத் திறந்தது யாருக்காக? மற்ற வாசல்களில் ஏற விடாமல் விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததுதானே அந்தப் பள்ளிகளின் பெருமை! அதுவும் முதலில் தமிழில்!

நெய்யாற்றின்கரைக்கு அருகில்தான் ஊரூட்டம்பலம் இருக்கிறது. அய்யன்காளி பஞ்சமி என்ற புலையர் குலச் சிறுமியை அங்குள்ள அரசுப் பள்ளிக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்க அரசு அனுமதி இருந்தும் ஆதிக்கச் சாதியார் கலகம் செய்தனர். பள்ளிக்கே தீ வைத்தனர். பாடசாலை அனுமதியை ஒரு கோரிக்கையாக வைத்து அய்யன்காளி தலைமையில் வயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். அந்தத் தீயில் கருகிய பெஞ்சு இன்றும் அந்தப் பள்ளியில் இருக்கிறது. 2022இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது. நூறு வருடம் கழித்துப் பெயர்ப்பலகை வைப்பது நல்லதுதான். இன்று வாசலில் நிற்கிற பஞ்சமியை உள்ளே விடுவது அதைவிட நல்லது!

நம் குறையையும் சொல்லிக்கொள்வோம். கொடை என்றும் அறுப்பு என்றும் வருட நடுவில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப் போகிறோம். டி.சி. வாங்காமல் வருகிறோம். பள்ளி திறந்து பத்து நாள் கழித்துப் போய் நிற்கிறோம். ஜூனில் ஆறாவது வேலைநாளில் எடுக்கும் தலைக்கணக்கைப் பார்த்தே ஆசிரியர் பணியிடங்கள் முடிவாகின்றன. பிள்ளைகள் குறைந்து பணியிடம் போகுமோ என்று அஞ்சும் சிறு பள்ளிகள் இந்தப் பக்கம் உண்டு. அந்த நாளுக்கு முன்னே போனால் நம் பிள்ளை அவர்களுக்கும் வேண்டிய பிள்ளை!

ஆகவே தோழர்களே, மே மாதமே புறப்படுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு குடும்பமாகச் சேர்ந்து போங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இடமில்லை என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். மறுத்தால் பாறசாலை அல்லது நெய்யாற்றின்கரை ஏ.இ.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கம் எழுதித் தரும். அதே வேளையில் பிள்ளையின் ஒரு வருடம் வீணாகாமல் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

அரசுக்கு நம் கோரிக்கை ஒன்றுதான். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. நம் பிள்ளைகள் மலையாளமும் படிக்கட்டும். இந்த மண்ணில் வாழ அது வேண்டும். ஆனால் முதல் வகுப்பில் உட்காரும் குழந்தைக்கு "அம்மா, தாகமாயிருக்கு" என்று சொன்னால் புரிந்துகொள்ளும் ஓர் ஆசிரியராவது வேண்டாமா?

அந்தச் சகோதரி இந்த ஆண்டும் போகப் போகிறார். இம்முறை அவரோடு சங்கம் போகும்!