பாதி தண்ணி, பாதி எண்ணெய்

திருச்செங்கோட்டு மலை ஏறினவங்களுக்கு அர்த்தநாரீஸ்வரரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரே உடம்பில் பாதி ஆண், பாதி பெண். சோப்பு மூலக்கூறும் அதே வகையறாதான். தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாலுக்குத் தண்ணீர் என்றாலே அலர்ஜி.

இந்த ஆசாமிகள் சில சமயம் வாலோடு வால் ஒட்டி, ரெட்டை வரிசையில் நின்று குட்டிப் பை கட்டிவிடுவார்கள். உள்ளே தண்ணீர், வெளியே தண்ணீர், நடுவில் எண்ணெய்ச் சுவர். பெயர் வெசிக்கிள். பாஸிடிவ் சோப்பையும் நெகடிவ் சோப்பையும் சரியாகக் கலந்தால் பை தானாகவே உருவாகும் என்று 1989-ல் அமெரிக்காவில் எரிக் கேலர் குழு காட்டியது. அங்கேயும் அர்த்தநாரி!

பைக்குள்ளே என்ன வைப்பது? என்சைம். தறிக்காரங்களுக்குத் தெரிந்த சரக்கு. பாவு நூல் அறுந்துபோகாமலிருக்கக் கஞ்சி போடுறோம். நெய்தபிறகு சாயம் ஏறணுமே? அந்தக் கஞ்சியைக் கரைக்க அமைலேஸ் என்சைம். (சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அதுவும் எச்சிலில் இருக்கிற அமைலேஸின் கைங்கரியம்.)

என்சைம் திறமைசாலி, ஆனால் பூஞ்சை உடம்பு. சூடு, அமிலம், கடுமையான சோப்பு, எது பட்டாலும் காலி. போதாததற்கு, சலவைத் திரவத்தில் புரதம் தின்னும் என்சைம், பக்கத்து என்சைமையே தின்றுவிடும். ஆபீஸ் மாதிரியே! அதனால்தான் தனி ரூம்.

ஆனால் ஸ்டார்ச் பெரிய ஆசாமி. சுவர் தாண்டி உள்ளே வர முடியாது. எனவே வேலை நேரத்தில் பை உடையணும், அதுவரைக்கும் உடையவே கூடாது. ஆராய்ச்சியின் தலைவலி அதுதான்.

விளையாட்டு விஷயமில்லை. பிரிட்டனில் சலவைத்தூள் தொழிற்சாலையில் என்சைம் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு மூச்சிரைப்பு வந்தது, 1969-ல் வெளியே தெரிந்தது. அப்புறம்தான் என்சைமுக்கு மேல்பூச்சு போட்டுக் குருணையாக்கினார்கள். 1971-ல் லண்டனில் கிரிகோரியாடிஸ் குழு, கொழுப்புப் பையில் என்சைமை அடைத்து எலிக்கு ஊசி போட்டது. பிறவியிலேயே ஒரு என்சைம் இல்லாத குழந்தைகளைக் காப்பாற்ற வழி கிடைக்குமா என்ற ஏக்கம் அதன் பின்னால் இருந்தது. பிற்பாடு அந்த மாதிரி சில நோய்களுக்குப் பையில்லாமலே என்சைம் ஊசி வந்துவிட்டது. பையும் வீணாகவில்லை. 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற புற்றுநோய் மருந்து அதில்தான் பயணம் செய்கிறது.

ரூமில் வாளியோடு வாழும் பிரம்மச்சாரிகளே, என்சைம் பவுடரைக் கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள், என்சைம் செத்துவிடும். கல்யாணமானவர்களே, மனைவியின் பட்டுப்புடவையை அதில் ஊறவைக்காதீர்கள். பட்டும் புரதம்தான், தின்றுவிடும். என்சைமுக்காவது உறை இருக்கிறது. உங்களுக்கு?