எதுக்குப் பின்னாடி?

தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையை நானே போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இல்லஸ்ட்ரேட்டரில் மஞ்சள் பின்னணி, மேலே மாவிலைத் தோரணம், நடுவில் குத்துவிளக்கு. அதுவரை வர மூன்று நாள். விளக்குக்கு ஒரு நிழல் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று ஆசைப்பட்டதுதான் வினை.

விளக்கை காப்பி எடுத்து, பேஸ்ட் செய்து, கறுப்பாக்கினேன். அது திரையின் நட்டநடுவில் எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கினேன். தோரணத்தில் ஒவ்வோர் இலையும் ஒரு படி, விரல்தான் வலித்தது. பொறுமை போய் 'சென்ட் டு பேக்' கொடுத்தேன். ஆளையே காணோம். மஞ்சளுக்கும் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

தெருமுனை டிடிபி கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பிக்கு கோரல்டிராதான் உலகம். ஒரு விளக்கை வைத்துக்கொண்டு விசைப்பலகையின் வலக்கோடியில் இருக்கும் பிளஸ்ஸைத் தட்டினார். அதே இடத்தில் அச்சு அசலாக இன்னொன்று. கொஞ்சம் நகர்த்தி, கறுப்படித்து, ஆர்டர் மெனுவில் 'பிஹைண்ட்' போட்டார். அம்புக்குறி வந்தது.

“எதுக்குப் பின்னாடின்னு தொட்டுக் காட்டுங்க சார், அங்க போயிடும்.”

மேலா கீழா என்றே மல்லுக்கட்டியவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து தேடினால் இல்லஸ்ட்ரேட்டரிலும் இந்த வழி இருக்கிறது. காப்பி எடுத்தபின் கன்ட்ரோல்-வி வேண்டாம், கன்ட்ரோல்-பி. எதைத் தேர்ந்து வைத்திருக்கிறோமோ அதற்கு நேர் பின்னால், எடுத்த இடத்திலேயே விழும். கன்ட்ரோல்-எஃப் என்றால் நேர் முன்னால். எதையும் தேர்ந்தெடுக்காமல் அடித்தால் அந்த லேயரின் அடிக்கோ உச்சிக்கோ போகும். குரூப்புக்குள் ஓர் இலையைத் தேர்ந்துவைத்து ஒட்டினால், ஒட்டியதும் அந்த குரூப்பில் சேர்ந்துகொள்ளும். சில சமயம் வசதி, பல சமயம் தலைவலி.

பேஸ்ட் செய்தது ஏன் மேலேயே வருகிறது? சுவரெழுத்துக்காரர் முதலில் வெள்ளையடிப்பார், பிறகு வண்ணம், கடைசியில் எழுத்து. பிறகு பூசியது முதலில் பூசியதை மறைக்கும். 1987-இல் இல்லஸ்ட்ரேட்டர் வந்தபோது அதற்கு அடித்தளமாக இருந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழிக்கும் இதுதான் முறை. இணையத்தில் புழங்கும் எஸ்விஜி படங்களுக்கும் இதுதான். படம் என்பது வரையவேண்டியவற்றின் வரிசை. புதிதாக வந்தவர் வரிசையின் வாலில் நிற்கிறார். வாலில் நிற்பவரே கடைசியில் பூசப்படுகிறார். பேஸ்ட் செய்ததற்கு முதல் மரியாதை என்று நான் நினைத்தது தப்பு.

கன்ட்ரோல்-பி கைக்கு வந்ததும் தலைப்பையும் ஒரு கை பார்த்தேன். எழுத்தைச் சுற்றிப் போடும் பார்டரில் பாதி எழுத்துக்கு உள்ளேதான் விழும். தடிமனாகப் போட்டால் 'ணை'யின் சுழிகள் அடைத்துப்போகும். எழுத்தை காப்பி எடுத்து, பின்னால் ஒட்டி, பின்னால் இருப்பதற்கு மட்டும் தடித்த வெள்ளைக் கோடு கொடுத்தேன். முன்னால் உள்ள எழுத்துக்கு ஒரு கீறலும் இல்லை. தமிழ் எழுத்தில் வேலை செய்பவர்களுக்கு நிழலைவிட இது உதவும்.

அச்சாகி வந்த பத்திரிகையை மாப்பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரி மச்சான். எரியற விளக்குக்கு ஏது நிழல்?”