எஞ்சின் எண்ணுகிறவர்கள்

என் சகோதரி மகனுக்கு ஒரு வியாதி உண்டு. கூட்ஸ் வண்டியை எத்தனை எஞ்சின்கள் இழுக்கின்றன என்று எண்ணி எண்ணிப் படம் பிடிப்பது. இரண்டு என்றால் காமிராவைத் தொடமாட்டான். மூன்று என்றால் யோசிப்பான். நான்குக்கு மேல் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சாப்பாட்டு இலையிலிருந்து எழுந்து ஓடுவான். அவனைப் போல ஊருக்கு ஊர் ஒரு கூட்டம் இருக்கிறதென்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

2025 ஆகஸ்டில் ஒரு நாள், "மாமா, ஏழு எஞ்சின்!" என்று கூவிக்கொண்டே வந்தான். 'ருத்ராஸ்திரா' என்று பெயர் சூட்டி உத்தரப் பிரதேசத்துக் கஞ்ச்க்வாஜாவிலிருந்து ஜார்க்கண்டின் கர்வா ரோடு வரையில் ரயில்வேக்காரர்கள் ஓட்டிக்காட்டிய வண்டியின் படம். நாலரைக் கிலோமீட்டர் நீளம், 354 பெட்டிகள்.

நான் கணக்கில் புலியல்ல. ஆனாலும் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். சாதாரண நிலக்கரி வண்டிக்கு 59 பெட்டி. 354ஐ 59ஆல் வகுத்தால் ஆறு. ஆக, ஆறு வண்டிகளை ஒன்றாகக் கோத்து ஏழு எஞ்சின்களைப் பூட்டியிருக்கிறார்கள். வண்டிக்கு ஒன்று, மேலே ஒன்று! 2022 சுதந்திர தினத்தன்று கோர்பாவிலிருந்து ராஜ்நந்த்காவ் போன 'சூப்பர் வாசுகி'யும் இதே கதைதான். 295 பெட்டி, அதாவது ஐந்து வண்டி, எஞ்சின் ஆறு. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் 2001 ஜூன் 21ஆம் தேதி 682 பெட்டி இரும்புத் தாதுவை எட்டே எஞ்சின்கள் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தன. ஓட்டியவர் ஒருவர்தான், நடுவே இருந்த எஞ்சின்களுக்கு ரேடியோவில் கட்டளை போயிற்று. எஞ்சினுக்கு 85 பெட்டி! உலகப் பிரசித்தமான அந்த வண்டியில்தான் எஞ்சின் மிகவும் அரிதாக இருந்திருக்கிறது என்று சொன்னால் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

வண்டிகளைக் கோத்து ஓட்டுவது தவறென்று நான் சொல்லவில்லை. நெரிசலான பாதையில் ஆறு முறை வழிவிடுவதற்குப் பதில் ஒரு முறை விட்டால் போதும். நல்ல யோசனை. அதைப் படமெடுத்து, 'பார், எத்தனை வலிமை' என்று மார்தட்டுவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. நாவலின் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "அபாரமாக எழுதியிருக்கிறீர்கள் ஸார்" என்பவரை நான் அறிவேன். அவருக்கும் இவர்களுக்கும் என்ன பேதம்?

உண்மையில் எஞ்சின்கள் மிகுதியாகத் தேவைப்படும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் கோவாவின் குலேமிலிருந்து காஸில்ராக் ஏறும் மலைப்பாதைக்குப் போக வேண்டும். சுமார் 26 கிலோமீட்டர். 37 அடி போனால் ஓர் அடி ஏற வேண்டும். மர்மகோவா துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரி கர்நாடகத்து உருக்காலைக்கு இந்த வழியாகத்தான் ஏறுகிறது. ஒரே ஒரு வண்டி, அதற்கு முன்னால் மூன்று எஞ்சின், பின்னால் இரண்டு. நான் என் கண்ணால் பார்த்தது. நடந்து போகிறவன் எட்டிப் பிடித்துவிடும் வேகத்தில் அது முனகிக்கொண்டு வந்தது. இதே மலையில் காட்டை வெட்டி இரண்டாவது பாதை போடுவதற்குக் கொடுத்திருந்த வனவிலங்கு வாரிய அனுமதியை 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. எஞ்சின் எண்ணும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வழக்கைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

ஐந்தையும் முன்னாலேயே பூட்டினால் என்ன என்று கேட்டேன். பையனுக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் சொன்னார். முன்னாலிருந்தே அத்தனை பலத்தோடும் இழுத்தால் முதல் பெட்டியின் கொக்கி தாங்காமல் அறுந்துவிடும். ஆகவே பாதிச் சுமையைப் பின்னாலிருந்து தள்ள வேண்டும். நடுவில் எங்காவது கொக்கி அறுந்தாலும், பெட்டிகள் பின்னோக்கி உருண்டு போகாமல் அடியில் நின்று தாங்குவதும் பின் எஞ்சின்தான். 'பேங்கர்' என்று அதற்குப் பெயர்.

முன்னால் இருக்கிற மூன்று எஞ்சின்களையும் முதல் எஞ்சினில் இருக்கும் இருவரே ஓட்டிவிடுகிறார்கள். பின்னால் தள்ளுகிறவர்களுக்குத் தனி ஆட்கள். மலை, அருவி, பள்ளத்தாக்கு எல்லாம் முன்னால் உள்ளவர்களுக்கு. இவர்களுக்கு எதிரே தெரிவது கடைசிப் பெட்டியின் முதுகு ஒன்றுதான். முன்னாலிருந்து ஊதல் வந்தாலோ வாக்கிடாக்கியில் குரல் வந்தாலோ தள்ள வேண்டும், நிறுத்த வேண்டும். நம் நாட்டு எஞ்சின்கள் பலவற்றில் கழிப்பறை கிடையாது என்பதையும் அந்த மனிதர்தான் சொன்னார். சிலவற்றில் இப்போது வைத்திருக்கிறார்களாம். பையனிடம் எஞ்சின் படங்கள் எண்ணூறு இருக்கின்றன. இந்தச் செய்தி அவனுக்குப் புதிது.

"அழகுக்காக எடுக்கிறோம் மாமா, இதையெல்லாம் எதற்குக் கேட்கிறீங்க?" என்கிறான். அழகுக்காக எடுத்தவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க். 1950களில், நீராவி எஞ்சின் சாகப்போகிறது என்று தெரிந்து, இரவு நேரங்களில் பல்புகளை வரிசையாகக் கட்டிவைத்து நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் வண்டிகளைப் படமெடுத்தார். அவருடைய பிரசித்தி பெற்ற படத்தில் எஞ்சின் தொலைவில் ஓடுகிறது. அருகே திறந்த காரில் ஒரு ஜோடி உட்கார்ந்து சினிமா பார்த்துக்கொண்டிருக்கிறது. நம்மவர்கள் எடுத்திருந்தால் அந்த ஜோடியை நகரச் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுக்கிறார்கள். ரயில்வே சட்டப்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. 2023இல் தூத்சாகர் அருவி பார்க்கத் தண்டவாளத்தில் நடந்து வந்த கூட்டத்தை ரயில்வே போலீஸார் தோப்புக்கரணம் போட வைத்தார்கள். நான் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்று பையன் எடுத்த படத்தில் முன்னால் மூன்று எஞ்சின்களும் அற்புதமாக விழுந்திருந்தன. பின்னால் இருந்தவை வளைவில் மறைந்துவிட்டன. "மூன்றுதான் தெரிகிறது" என்று வருத்தப்பட்டான். சற்று நேரத்தில் காஸில்ராக்கில் கழற்றிவிடப்பட்ட பேங்கர்கள் இரண்டும் அடுத்த வண்டியைத் தள்ளுவதற்காக மலையிறங்க ஆயத்தமாயின. ஜன்னலில் டிரைவர் தலை நீட்டி எங்களைப் பார்த்துக் கையசைத்தார். பையனைப் பார்த்தேன். அவன் காமிராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"இரண்டே இரண்டுதானே, மாமா" என்றான்.